வளர்ப்பு சரியில்லையாம்!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, பாதி எழுதி, அழிச்சு, திரும்ப எழுதின பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம். மச்சினன் வீட்டு காதுகுத்து முடிஞ்சு திண்டிவனம் திரும்பறதுக்காக விழுப்புரம் ஜங்ஷன்ல பாசஞ்சருக்கு நிக்கிறோம். எங்க பெரியவனுக்கு அப்போ ஏழு வயசு. எதிர் பிளாட்பாரத்துல நிக்கிற இஞ்சினைப் பக்கத்துல போய் பாக்கணும்னான். வண்டி வர்ற நேரம், வேணாம்னேன். அவ்வளவுதான். கையில இருந்த தண்ணி பாட்டிலை வீசினான். அது பெஞ்ச்ல உக்காந்திருந்த ஒரு பெரியவர் தோள்ல பட்டுச்சு. இவன் தரையில விழுந்து புரண்டு கத்தறான். தூக்கப்போன என் மனைவி கையைக் கடிச்சுட்டான். நான் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

ஒரு நிமிஷம் பிளாட்பாரமே திரும்பிப் பாத்துச்சு. பாட்டில் பட்ட பெரியவர் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல நின்ன இன்னொருத்தர்தான், "இன்னும் ரெண்டு வெச்சு வுடுங்க சார். வளர்ப்பு சரியில்ல"ன்னார். முதல் வாக்கியம் எனக்கு. ரெண்டாவது வாக்கியத்தை அவர் என் மனைவியைப் பாத்து சொன்னார். கடிபட்ட கையை முந்தானையில சுத்திக்கிட்டு அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா வண்டி நின்னு நின்னு போச்சு. ஊர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல. அவன் மட்டும் என் மடியிலயே தூங்கிட்டான், கன்னத்துல என் விரல் தடத்தோட.

அந்தப் பெரிய மனுஷரைத் திட்டறதுக்காக இந்தப் பதிவு இல்லைங்க. அந்த வாக்கியத்தைப் பத்திப் பேசணும். ஏன்னா, அடுத்த ஒரு வருஷம் எங்க வீட்டுல நாங்களே அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம்.

எங்க வீட்டு கோர்ட்டுல குத்தவாளிக் கூண்டு காலியாவே இருந்ததில்ல. முதல்ல என் மனைவி. வேலைக்குப் போறா, பிள்ளையை கவனிக்கல. அப்புறம் எங்கம்மா. ஆயா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க. அப்புறம் செல்போன். அப்புறம், கிரகண நாள்ல மாசமா இருந்தவ வெளிய வந்தது. மாமனார் வீட்டுல, "உங்க வம்சத்துலதான் முன்கோபம்"னாங்க. எங்க வீட்டுல, "உங்க பக்கம்தான் ஒரு மாதிரி"ன்னாங்க. சின்னவன் பிறந்ததுல வந்த பொறாமைன்னு ஒரு வாதம். நானும் சும்மா இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல "நீ அன்னிக்கு அப்படிப் பண்ணதாலதான்"னு ஆரம்பிச்சு விடிய விடிய சண்டை. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் தினமும் நடந்துச்சு. பையன் மட்டும் மறுநாள் காலையில அப்படியேதான் எழுந்தான். ஷூ போடறதுல ஒரு போர், சாப்பாட்டுல ஒரு போர், ஸ்கூல்ல இருந்து ஒரு போன்.

அம்மா சொல்லி மூணு அமாவாசை மேல்மலையனூர் போனோம். செஞ்சி வழியா சிறப்புப் பேருந்துல, நெரிசல்ல. இங்க ஒண்ணு சொல்லியாகணும், கோயில்னாலே கிண்டல் பண்றவங்க கவனிங்க. ஊஞ்சல் உற்சவம் நடக்கற அந்த ராத்திரியில ஒரு பக்கம் யாரோ தலைவிரிச்சு ஆடறாங்க, இன்னொரு பக்கம் யாரோ அலறி அழறாங்க. எங்க பையன் கத்தி உருண்டப்போ அங்க ஒருத்தரும் முறைக்கல. பக்கத்துல இருந்த ஒரு அம்மா நகந்து இடம் விட்டு, விசிறியால அவனுக்கு வீசினாங்க. என் மனைவி ஒரு வருஷத்துல முதல் தடவையா வெளியிடத்துல முதுகைச் சாய்ச்சு உக்காந்ததை அங்கதான் பாத்தேன். ஏன்னா, அங்க யாரும் அவளை விசாரிக்கல. பழி பேய் மேல போயிடுச்சு, அம்மா மேல இல்ல.

அந்த ஆறுதல் பொய் இல்லைங்க. ஆனா அதுவும் ஒரு குத்தவாளியைக் காட்டிட்டு அதோட நின்னுடுச்சு. திங்கக்கிழமை காலையில ஷூ போட வைக்கறது எப்படின்னு அது சொல்லல.

அப்புறம் ஜாதகம். சனி சரியில்லைன்னாங்க. திண்டிவனத்துல இருந்து பாண்டி போற ரோட்டுல மொரட்டாண்டியில 27 அடி உயரத்துக்கு சனீஸ்வரர் நிக்கிறாரே, அங்க சில சனிக்கிழமை போனோம். கிளியனூர் தாண்டி மொரட்டாண்டியில இறங்கி, கும்பிட்டு, எதிர்ப்பக்கம் நின்னு பஸ் ஏறித் திரும்பிடுவோம். நாங்க இறங்கின பஸ் அதே ரோட்டுல நேரா போய் கோரிமேட்டுல ஜிப்மர் வாசல்ல நிக்கும். எத்தனை தடவை அந்த பஸ்ல போயிருப்போம்! ஒரு தடவைகூட அஞ்சாறு ஸ்டாப் தள்ளி இறங்கத் தோணல. எங்களைத் தடுத்தது சாமி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா நாங்கதான் காரணம்னு எழுதிக் குடுத்துடுவாங்களோங்கற பயம். உண்மையான காரணம் அதுதான்.

கடைசியில போனோம். எட்டு வயசுல. என் பேப்பர் எல்லாம் ரெடியா இருந்துச்சு. எப்போ, எங்க, யாரை அடிச்சான், எதை உடைச்சான்னு ஒரு நோட்டு நிறைய. டாக்டர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். பிரசவம் எப்படி, எப்போ நடந்தான், எப்போ பேசினான், தூக்கம், ஸ்கூல் நோட்டு எல்லாம் பாத்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "இவன் எப்போ நல்லா இருக்கான்?"

நான் மனைவியைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. ரெண்டு பேருக்கும் பதில் தெரியல. ஒரு முழு நோட்டு வெச்சிருக்கோம், அதுல அவன் நல்லா இருந்த நேரம் ஒண்ணுகூட இல்ல. குத்தவாளியைத் தேடற மும்முரத்துல பிள்ளையைப் பாக்கறதை விட்டுட்டோம். அன்னிக்கு பஸ்ல திரும்பும்போது அவதான் மெதுவா ஆரம்பிச்சா. "கோலம் போடும்போது பக்கத்துல உக்காந்து புள்ளி வெப்பான்ங்க. அப்போ கத்த மாட்டான்." எனக்கு அது தெரியவே தெரியாது.

மூணு நாலு தடவை போய் வந்த பிறகு பேர் சொன்னாங்க. ஏ.டி.எச்.டி. அதாவது கவனமும் அடக்கமும் வயசுக்குத் தக்க வளராம, உடம்பும் மனசும் ஓடிக்கிட்டே இருக்கற நிலை. கூடவே எதிர்ப்பு நடத்தைக் கோளாறு. எதுக்கும் மறுப்பு, எதுக்கும் கோபம். உடனே நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "யாரால டாக்டர்?" அவ்வளவு பட்டும் புத்தி வரல பாருங்க.

இதுல கொஞ்சம் படிச்சேன். 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பத்தி சொற்பொழிவு நடத்தியிருக்கார். அறிவுல குறை இல்ல, ஆனா தன்னை அடக்கிக்க முடியல. அவர் அதுக்கு வெச்ச பேரே 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுல குறை'ங்கற மாதிரிதான். மருத்துவரே ஒழுக்கம்னு சொன்னா, பிளாட்பாரத்துல நிக்கிறவர் என்ன சொல்லுவார்! அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல ஆராய்ச்சி. இரட்டைப் பிள்ளைங்களை வெச்சு நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப சொல்றது, ஏ.டி.எச்.டி. யாருக்கு வருதுங்கறதுல 70லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் பரம்பரையோட பங்கு. உயரம் எப்படி குடும்பத்துல வருதோ, கிட்டத்தட்ட அந்த மாதிரி. செல்லத்தால ஒரு பிள்ளை ஆறடி வளர முடியுமா? (எங்கம்மாகிட்ட இதைச் சொன்னப்போ, "உன்னை மூணு ஸ்கூல் மாத்தினோம், மறந்துட்டியா"ன்னு கேட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்.)

அம்மாவைக் கூண்டுல ஏத்தறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல ஆட்டிசத்துக்கு அம்மா பாசம் காட்டாததுதான் காரணம்னு பெரிய படிப்பாளிங்களே ரொம்ப வருஷம் சொன்னாங்க. 'ஃபிரிட்ஜ் அம்மா'ன்னு பேரே வெச்சாங்க. அதை எதிர்த்து 1964ல புத்தகம் எழுதினவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியல் படிச்சவர், ஆட்டிசம் இருக்கற ஒரு பையனுக்கு அப்பா. அவர் எழுதறதுக்குள்ள எத்தனை அம்மாக்கள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க!

இப்போ ஒரு கேள்வி வரும். "அப்போ பெத்தவங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? எல்லாம் ஜீன்னு சொல்லிட்டு கையைக் கழுவிக்கலாமா?" நியாயமான கேள்வி. என் பதில்: தப்பு வேற, பொறுப்பு வேற. மழை பெய்யறது என் தப்பு இல்ல. கூரையை மாத்தறது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை எனக்குப் புரிய வெச்சது அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல இருந்த ஜெரால்ட் பேட்டர்சன்ங்கற உளவியலாளரோட வேலை. அவரோட ஆளுங்க வீடு வீடாப் போய் உக்காந்து, சண்டை எப்படி ஆரம்பிச்சு எப்படி முடியுதுன்னு குறிச்சாங்க. அவங்க பாத்தது எங்க வீட்டைத்தானோன்னு தோணுச்சு. பையன் போன் கேக்கறான். வேணாங்கறோம். கத்தறான். நாமளும் கத்தறோம். தட்டைத் தூக்கி எறியறான். பக்கத்து வீட்டுக்குக் கேக்குமேன்னு போனைக் குடுத்துடறோம். வீடு அமைதி. இதுல எறிஞ்சா கிடைக்கும்னு அவன் கத்துக்கிட்டான். குடுத்தா நிம்மதின்னு நாம கத்துக்கிட்டோம். இன்னொரு நாள் குடுக்காம அடிக்கிறோம். அப்பவும் அமைதி. அடி வேலை செய்யுதுன்னு நமக்குப் பாடம். ஆனா அடுத்த வாரம் அதே அமைதிக்கு இன்னும் பலமா அடிக்கணும். எல்லா வீட்டுலயும் இது கொஞ்சம் நடக்கும். சாதாரணப் பிள்ளை பத்து தடவையில ஒரு தடவை கத்தினா, எங்க பிள்ளை பத்துக்குப் பத்தும் கத்துவான். அதனால அந்தச் சக்கரம் எங்க வீட்டுல வேகமா சுத்துச்சு. சக்கரத்தை உருவாக்கினது நாங்க இல்ல. ஆனா எங்களாலதான் நிறுத்த முடியும்.

அதுக்குத்தான் பெத்தவங்களுக்கே பயிற்சி குடுக்கறாங்க. ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைன்னா மாத்திரைக்கு முன்னாடி இந்தப் பயிற்சிதான்னு மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்லுது. எங்க பையனுக்கு எட்டு. பயிற்சி, மாத்திரை ரெண்டுமே. மாத்திரைன்னதும் 'பிள்ளையை மந்தமாக்கிடுவாங்க'ன்னு எனக்கும் பயம் இருந்துச்சு. அளவு சரியா அமையற வரைக்கும் பசி குறைஞ்சுது, டாக்டர் மாத்திக் குடுத்தார். பையன் பையனாத்தான் இருக்கான். பயிற்சின்னு பெருசா எதோ நெனச்சுப் போனேன். கேட்டா சிரிப்பீங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு வேலை சொல்லு. தூரத்துல இருந்து கத்தாம பக்கத்துல போய் சொல்லு. செஞ்ச உடனே பாராட்டு, ராத்திரி வரைக்கும் தள்ளிப் போடாத. சின்னச் சின்ன சேட்டையைப் பாக்காத மாதிரி விடு. சொன்ன தண்டனையை மட்டும் குடு, அதுவும் சின்னதா. தினமும் பதினஞ்சு நிமிஷம் அவன் சொல்ற விளையாட்டை அவன் சொல்றபடி விளையாடு.

சொல்றதுக்கு சுலபம். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு கேட்டு வளர்ந்த கைக்கு இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். இப்பவும் சில நாள் கை ஓங்கிடுது. பாதியில நிறுத்தி சட்டைப் பையில விட்டுக்கறேன். பையன் அதைக் கண்டுபிடிச்சுட்டான். "அப்பா, கையைப் பாக்கெட்ல போடு"ங்கறான் :)

ஸ்கூல் கதையை சுருக்கமா சொல்லிடறேன். பேர் வேணாம். "மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க, நீங்களே டி.சி. வாங்கிக்கோங்க, எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது"ன்னாங்க. நாங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம், தப்பு செஞ்சவங்க மாதிரி. 2009ம் வருஷத்து கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 16வது பிரிவுல, எட்டாம் வகுப்பு முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளியேத்தக் கூடாதுன்னு இருக்கு. 17வது பிரிவுல அடிக்கக் கூடாது, மனசளவுலயும் துன்புறுத்தக் கூடாதுன்னு இருக்கு. இதெல்லாம் எங்களுக்குப் பின்னாடிதான் தெரியும். தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருப்போமான்னு சந்தேகம்தான். தன்னையே குத்தவாளின்னு நம்பறவன் சட்டம் பேச மாட்டான்.

இன்னொரு சிக்கல், எங்க பிள்ளைங்களோட குறை கண்ணுக்குத் தெரியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகைகள் இருக்கு. ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு. ஏ.டி.எச்.டி. பேர் அதுல இல்ல. அடையாள அட்டை இல்ல, ஊன்றுகோல் இல்ல. வெளிய தெரியறது திமிர் மட்டும்தான். சினிமாவும் நமக்கு உதவறதில்ல. 2007ல வந்த 'தாரே ஜமீன் பர்' பையன் ஓவியப் போட்டியில ஜெயிப்பான். 2013ல வந்த நம்ம 'ஹரிதாஸ்' பையன் ஓட்டக்காரனா வருவான். ரெண்டும் நல்ல படம், நான் அழுதுட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா பயமா இருக்கு. எங்க பையனுக்கு ஓவியமும் வரல, ஓட்டமும் வரல. கோலத்துக்குப் புள்ளி வெப்பான், அதுவும் சில நாள். ஒளிஞ்சிருக்கற திறமை வெளிய வந்தாத்தான் ஏத்துக்குவீங்கன்னா, திறமை இல்லாத பிள்ளை எங்க போகும்?

எங்க போகும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ராமநாதபுரம் ஏர்வாடியில, மனநலக் காப்பகம்னு பேர் வெச்ச ஒரு கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் செத்தாங்க. நமக்கு இன்னும் பக்கத்துல, 2023 பிப்ரவரியில விக்கிரவாண்டி கிட்ட குண்டலப்புலியூர் ஆசிரமத்துல இருந்து நூத்துக்கும் மேற்பட்டவங்களை மீட்டாங்க. அந்த வழக்குக்குள்ள நான் போகல. செய்தியைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான். அங்க இருந்தவங்களுக்கும் ஒரு ஏழு வயசு இருந்திருக்கும். அவங்க வீட்டுலயும் பத்து மணிக்கு மேல கோர்ட் நடந்திருக்கலாம். வருஷக்கணக்கா யார் தப்புன்னு தேடித் தேடி களைச்சுப் போன குடும்பம், ஒரு நாள் "கொண்டு போய் விட்டுடலாம்"னு முடிவு பண்ணும். அவங்களை நான் திட்ட மாட்டேன். அந்தக் களைப்பு எனக்குத் தெரியும்.

இது ஏதோ நூத்துல ஒரு வீட்டுக் கதைன்னும் நெனைக்காதீங்க. 2015-16ல நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல நடந்துச்சு. 13லேர்ந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை. நாப்பது பேர் இருக்கற வகுப்புல மூணு பேர். உங்க பிள்ளை வகுப்புலயும் இருப்பாங்க. அவங்க அம்மாவை நீங்க ஸ்கூல் வாசல்ல பாத்திருப்பீங்க. மத்தவங்ககிட்ட பேசாம ஓரமா நிப்பாங்க.

அதனால நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த வாக்கியத்தை நிறுத்துங்க. 'வளர்ப்பு சரியில்ல'ங்கறது வெறும் விமர்சனம்னு நெனச்சு சொல்றீங்க. கேக்கற வீட்டுல அது ஒரு வருஷத்தைத் தின்னுடுது. எங்க வீட்டுல தின்னுச்சு. கோயிலுக்குப் போனதால நாங்க அந்த வருஷத்தை இழக்கல. குத்தவாளியைத் தேடினதாலதான் இழந்தோம்.

போன மாசம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு. கூட அஞ்சு வயசு இருக்கும், பையன். பஸ் படியில உக்காந்துக்கிட்டு ஏற மாட்டேன்னு கத்தறான். கண்டக்டர் திட்டறார், உள்ள இருந்து நாலு பேர் யோசனை சொல்றாங்க. அந்தப் பொண்ணோட தலை குனியறதைப் பாத்தேன். எனக்கு அந்தக் குனிவு தெரியும். கிட்டப் போய், "எங்க பையனும் இப்படித்தாம்மா. அவசரமில்ல, அடுத்த பஸ்ல போகலாம், நான் கூட நிக்கிறேன்"னேன். அந்தப் பொண்ணு நிமிந்து பாத்து முதல்ல கேட்டது: "உங்க பையனுக்கு எத்தனை வயசுல சரியாச்சுங்க?"

இன்னும் ஆகலன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு முகம் வாடிப்போச்சு. அப்புறம், எங்க காட்டினோம், இப்போ எப்படி இருக்கான்னு பேசிக்கிட்டிருந்தோம். ரெண்டு பஸ் போச்சு. மூணாவது பஸ்ல பையன் தானாவே ஏறினான்.

பி.கு: விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கறவங்களுக்கு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி 2010லேர்ந்து இருக்கு, மனநலப் பிரிவுல கேக்கலாம். ஜிப்மர் உங்களுக்குத் தெரியும், அந்த பஸ்லயே கொஞ்சம் தள்ளி இறங்கணும். நேர்ல போகத் தயக்கமா இருந்தா, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி மானஸ் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். உங்க வீட்டு அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க, பேர் போடாமலும் எழுதலாம். ஒரே ஒரு வேண்டுகோள், யார் தப்புன்னு மட்டும் எழுதாதீங்க.